பதினொரு திருப்பு

நான் சாவி கொடுக்காத பொம்மைக்குச் சாவி ஏறியிருந்தது. எப்படி?

இந்த ஒரு கேள்வியோடு கிட்டத்தட்ட ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். இயந்திரங்களோடு இருபத்தாறு வருஷம் பழகியவன் நான். ஒரு பொருள் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. கிடைத்தபோது, கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரங்களை அன்றன்றே நோட்டில் குறித்து வைத்தேன், அதனால் நிமிஷம்கூடப் பிசகாது. நள்ளிரவு, நாய் ஊளை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. எனக்குப் பகல்தான் ராத்திரி.

நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில் நான் இரவு ஆபரேட்டர். இரவு பத்துக்குப் போய்க் காலை ஆறுக்கு இறங்குவேன். எட்டு மணி நேரமும் நான்கு மோட்டார்கள்தான் துணை. வீட்டுக்கு வந்தால் மாடியில் இரண்டு அறை, கறுப்புத் திரை போட்ட ஜன்னல்கள். ஒன்பது மணிக்குப் படுத்து மாலை நான்குக்கு எழுவேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம் "ஷிஃப்ட் ஒத்துவரல" என்பேன். சிரிப்பார்கள். சில வாரங்களில் நான் வாய் திறந்து பேசிய வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் சோவியத் காலத்துத் தகர ரோபோக்கள், மொத்தம் பத்தொன்பது. எல்லாம் சாவி கொடுத்தால் நடப்பவை. அந்த நாட்டுப் பொம்மைகளில் எனக்குப் பிடித்த விஷயம், அடிப்பாகத்துத் தகரத்திலேயே விலையை அச்சில் அடித்திருப்பார்கள். பேரம் பேசவே முடியாது. அந்த நாடே இல்லாமல் போய்விட்டது, விலை மட்டும் அப்படியே நிற்கிறது.

இருபதாவது ரோபோவைப் பழைய சாமான் கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார்.

"ரோபோ சார், உங்க ஆளு ஒருத்தன் வந்திருக்கான். சாவி இல்ல. நடக்கவும் மாட்டான். உங்களை மாதிரியே வீட்டோட கிடப்பான்."

ஒரு சாண் உயரம். சாம்பல் உடம்பு, சிவப்பு மார்பு, சதுரத் தலை. இந்த வகையை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இடது கைக்குக் கீழே ஒரு சின்ன லீவர், அதைக் கீழே தள்ளினால் ஓடும், மேலே தூக்கினால் நிற்கும். மற்ற இடங்களில் பெயின்ட் புதுசு போல இருந்தது. லீவரைச் சுற்றி மட்டும் வெறும் தகரம் தெரியும்வரை தேய்ந்திருந்தது. யாரோ அந்த லீவரை ஆயிரக்கணக்கான முறை தள்ளியிருக்கிறார்கள்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதன் உள்பக்கம் தெரிந்தால்தான் என் பயம் உங்களுக்குப் புரியும்.

சாவி கொடுப்பது என்றால், உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையை இறுக்கிச் சுருட்டுவது. அதைத்தான் ஸ்பிரிங் என்கிறோம். அது விரிய முயலும்போது பல்சக்கரங்கள் சுழன்று கால்கள் நடக்கும். முறுக்கியது பின்னால் வழுக்காமல் இருக்க ஒரு பல்சக்கரமும், அதன் மேல் விழும் ஒரு தடுப்பு நாக்கும் உண்டு. சாவி திருப்பும்போது 'கட்... கட்... கட்' என்று கேட்பது அந்த நாக்குதான். முதுகில் ஒரு துளை. துளைக்குள் சதுரமான சிறு தண்டு. அந்தத் தண்டில் பொருந்தும் சாவி இல்லாமல் ஒன்றும் ஆகாது.

"அதிகமா சாவி கொடுத்து ஸ்பிரிங் போயிடுச்சு" என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் தவறு. உள்ளே போட்ட கிரீஸ் காய்ந்து கோந்தாகியிருக்கும், அவ்வளவுதான். இதற்கும் அதே வியாதிதான். திறந்தேன், மண்ணெண்ணெயில் கழுவினேன், ஒவ்வொரு அச்சிலும் ஊசிமுனையளவு எண்ணெய் வைத்தேன். பித்தளைக் குழாயை அரத்தால் ராவி ஒரு சாவி செய்தேன். நடந்தது! மணிக்கட்டால் பதினொரு திருப்பு கொடுத்தால் முழுச் சாவி. முப்பத்தெட்டு நொடி ஓட்டம்.

சேகரிப்பவர்கள் எல்லாரும் கைக்கொள்ளும் ஒரு வழக்கம் உண்டு. சாவி ஏறிய நிலையில் பொம்மையை அலமாரியில் வைக்கவே கூடாது. முறுக்கிலேயே கிடந்தால் ஸ்பிரிங் சோர்ந்துபோகும். அதனால் லீவரைத் தள்ளி, முழுதும் ஓடித் தீர்ந்த பிறகு, லீவரை மேலே தூக்கிவிட்டு வைப்போம். அன்று காலை 8.50க்கு அப்படித்தான் வைத்தேன்.

மாலை 4.20. தூசி தட்டும்போது விரல் லீவரில் பட்டது.

என் கைக்குள்ளேயே அது நடக்கத் தொடங்கியது.

கிர்ர்ர்ர்... டக், டக், டக், டக்.

நொடிகளை எண்ணினேன். முப்பத்தெட்டு.

நான்தான் மறந்திருப்பேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஓட்டித் தீர்த்து, நோட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டேன். மாலையில் பார்த்தால் முழுச் சாவி. மூன்றாம் நாளும் அப்படியே. கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. கீழே லாரி போகும் அதிர்வோ? கைக்கடிகாரத்தில் சில வகை அசைந்தாலே சாவி ஏறும், அதற்கு உள்ளே ஊசலாடும் ஓர் எடை வேண்டும். பொம்மையில் எடை கிடையாது. வெயில் சூடோ? சூட்டில் எண்ணெய் இளகும், ஸ்பிரிங் இறுகாது. மற்ற பத்தொன்பதில் ஒன்றுக்குக்கூட எதுவும் ஆகவில்லை.

மிச்சமிருந்த விடை ஒன்றுதான். அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போல் ஃபோன் செய்தாள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"டேய், தூக்கத்துல நீயே எழுந்து போய்க் கொடுக்கிறியா?"

"இல்லக்கா."

"அப்பா என்ன பண்ணினார்? தூக்கத்துல எழுந்து அடுப்பைப் பத்த வச்சார். காலையில கேட்டா, நான் இல்லைன்னார். ரெண்டு வருஷத்துல என்னையே யாரும்மா நீன்னு கேட்டார்."

"எனக்கு நாப்பத்தெட்டுதான்க்கா."

"அவருக்கு அம்பது. பொம்மைங்களோட குடித்தனம் நடத்தினது போதும். வேலையை விட்டுட்டு இங்க வந்துடு. நீ தூக்கத்துல வால்வைத் திறந்தா ஊரே மூழ்கும்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவில் நான்கு மோட்டார்களோடு தனியாக இருப்பவன் தன் கையைத் தானே நம்ப முடியாமல் போனால், அந்த வேலையில் இருக்கக் கூடாது. தனி வீட்டிலும் இருக்கக் கூடாது. எனக்கு உள்ளதே அந்த இரண்டும்தான்.

அதனால் சோதித்தேன். பித்தளைச் சாவியைப் பம்ப் நிலையத்து லாக்கரில் வைத்துப் பூட்டினேன். ராவிய கருவிகள், குறடு, குழாய்த் துண்டு எல்லாவற்றையும் அதிலேயே போட்டேன். வீட்டில் என் வலது மணிக்கட்டில் தையல்நூலைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்தேன். எழுந்தால் நூல் அறும். அறுந்ததை மறுபடி முடிந்தால் இன்னொரு முடிச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

மாலை நான்கு. நூல் அப்படியே இருந்தது. ஒரே முடிச்சு.

ஓடிப்போய் லீவரைத் தள்ளினேன்.

கிர்ர்ர்ர்... முப்பத்தெட்டு நொடி.

நான் இல்லை! அப்பாவின் வியாதி இல்லை! சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. நான் இல்லை என்றால்...

மறுநாள் விடுமுறை எடுத்தேன். தூங்கவில்லை. அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ரோபோவைத் திருப்பி, முதுகு எனக்குத் தெரியும்படி வைத்தேன். ஒன்பது... பத்து... கீழே யாரோ வண்டியைத் துடைக்கும் சத்தம். பத்தரை. கண் சொக்கியது.

10.40.

கட்.

நிமிர்ந்தேன். துளைக்குள் அந்தச் சதுரத் தண்டு திரும்பியது.

கட் கட் கட்... நின்றது.

மறுபடி கட் கட் கட்... நின்றது.

அந்த நிறுத்தத்தைச் சொல்ல வேண்டும். மோட்டார் திருப்பினால் நிற்காமல் சுற்றும். மனித மணிக்கட்டு அரைச் சுற்றுக்கு மேல் போகாது. திருப்பி, பிடியை விட்டு, மறுபடி பிடித்துத்தான் திருப்ப வேண்டும். நான் பார்த்தது அதைத்தான். திருப்பு. விடு. பிடி. திருப்பு.

அங்கே சாவி இல்லை. கை இல்லை. வெயில் நேராக அலமாரியில் விழுந்துகொண்டிருந்தது.

எண்ணினேன். பதினொன்று.

கடைசியில் சாவி நிறைந்துவிட்டதா என்று பார்க்க நாம் ஒரு சின்ன அழுத்தம் கொடுப்போமே... அதுவும் கொடுத்தது.

நான் அன்று வீட்டுக்குள் இருக்கவில்லை. இரவுவரை தெருத்தெருவாக நடந்தேன். யாரிடம் சொல்வது? அக்காவிடம் சொன்னால் அடுத்த பேருந்தில் வந்து நிற்பாள். கடைசியில் ஓர் இயந்திரக்காரனுக்குத் தோன்றுவதுதான் தோன்றியது. ஸ்பிரிங் இருந்தால்தானே சாவி ஏறும்?

செவ்வாய்க்கிழமை காலை 8.15க்கு ரோபோவைப் பிரித்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றித் தனியே ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். வெறும் கூட்டை மறுபடி மாட்டி, லீவரை மேலே தூக்கிவிட்டு, அலமாரியில் வைத்தேன். இனி அது தகரம். ஒன்பதுக்குப் படுத்தேன். பல நாள் தூக்கம், அடித்துப் போட்டது போல் தூங்கினேன்.

விழிப்பு வந்தது. 3.20.

அறை இருட்டு. திரை ஓரத்தில் மட்டும் ஒரு வெயில் கோடு.

டிக்.

முன்னறையில்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். லீவர் கீழே போகும் சத்தம்.

அதற்குப் பிறகு கிர்ர்ர் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஸ்பிரிங் இல்லையே.

கொஞ்ச நேரம் அமைதி. யாரோ காத்திருப்பது போல.

டிக். லீவர் மேலே.

டிக். கீழே.

எழுந்து அறை வாசல்வரை போனேன். அங்கிருந்து அலமாரி தெரியும். ரோபோ அசையவில்லை. அதன் கைக்குக் கீழே அந்தச் சின்ன லீவர் மட்டும்... இறங்கியது. ஏறியது. இறங்கியது.

டிக். டிக்.

வேகம் கூடியது.

டிக் டிக் டிக் டிக் டிக்.

கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. மற்ற பத்தொன்பதும் நின்ற இடத்திலேயே நடுங்கின.

ஐந்து எட்டு வைத்தால் அலமாரி. நான் வைக்கவில்லை.

அதில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாயில்லாத ஒரு ஜீவன் கூப்பிட்டால் எப்படி இருக்கும்... அப்படி.

டிக்... டிக்...

மெல்ல ஆனது.

டிக்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

லீவர் பாதி இறங்கியது.

அங்கேயே நின்றது.

3.47.

சனிக்கிழமைவரை பம்ப் நிலையத்து ஓய்வறையிலேயே தங்கினேன். பிறகு பழைய சாமான் கடைக்காரரைப் போய்ப் பிடித்தேன்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"ஏன் சார், நடக்கலையா?"

"நடக்குது. எங்க வாங்கினீங்க?"

என் முகத்தைப் பார்த்ததும் கிண்டல் நின்றுவிட்டது. ஒரு தையல்கார அம்மா வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாக எடுத்தாராம். அந்த அம்மா இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம். முகவரி கொடுத்தார். அன்றே போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. எழுபது வயதிருக்கும். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, வலது பக்கம் போய்விட்டது என்று அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் சொன்னாள். பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் தெளிவாக வந்தது. ரோபோ என்றதும் என்னையே பார்த்தார்.

"அது என் தம்பியோடது."

தம்பி கப்பலில் வேலை பார்த்தவர். வாங்கி வந்த பொம்மை அது. பிறகு ஒரு விபத்து. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, பேச்சும் போய்விட்டது. இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது.

"மணி கட்டி விட்டா அவனால இழுக்க முடியாது. தள்ள மட்டும்தான் முடியும். அதனால அதை விரல்கிட்ட ஒரு தகரத் தட்டுல வச்சேன். லீவரைத் தள்ளினா தட்டுல நடந்து சத்தம் போடும். நான் தையல் மிஷினை நிறுத்திட்டு ஓடுவேன். பன்னெண்டு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டான்."

"சாவி நீங்கதான் கொடுப்பீங்களா?"

"குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, பத்து நாப்பதுக்குக் கொடுப்பேன். பதினொரு தடவை. அப்புறம்தான் மிஷின்ல உக்காருவேன்."

பிறகு சொன்னார்.

"ஒரு நாள் பள்ளிக்கூட யூனிஃபார்ம், அவசரம்னாங்க. கொடுக்க மறந்துட்டேன். மூணே முக்கால் தாண்டித்தான் எழுந்து போனேன். உடம்புல சூடு அடங்கல, மூச்சு இல்ல. விரல் லீவர் மேலயே இருந்துச்சு. லீவர் பாதியில நின்னுது."

பார்த்துக்கொள்ளும் பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"டாக்டர்கூட வந்து பார்த்துட்டுப் போனாரு சார். இந்தக் கைக்கு உயிரே கிடையாது, ஊசி குத்தினாலும் தெரியாது. ஆனா இந்த ஒரு மாசமா, தினமும் காலையில தானா சுத்துது. பத்து நாப்பதுக்கு."

அந்த அம்மா தன் வலது கையைப் பார்த்தார். அடுத்தவர் பொருளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"சுத்தும்போது கைக்கு ஒரு இறுக்கம் தெரியும். அது நல்லா இருக்கும். முடிஞ்சதும் மனசு அடங்கிடும். போன செவ்வாய்க்கிழமையிலேர்ந்து..."

என்னை நேராகப் பார்த்தார்.

"லூசா சுத்துதுப்பா. பிடிப்பே இல்ல. ஸ்பிரிங் இல்லாத மாதிரி."

நான் ஸ்பிரிங்கைக் கழற்றியதை உலகத்தில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அன்று மாலையே ஸ்பிரிங்கை மாட்டினேன். மறுநாள் காலை நானே பதினொரு திருப்பு கொடுத்து அலமாரியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து இல்லத்துக்கு ஃபோன் செய்தேன். "கை இப்பல்லாம் சுத்துறதில்ல சார். நல்லாத் தூங்குறாங்க" என்றாள் அந்தப் பெண். எட்டு மாதம் கழித்து அந்த அம்மா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இனி விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

விடவில்லை, ஆனால் ஒரு நாள் தவறிப்போனது. மோட்டார் பழுது, இரட்டை ஷிஃப்ட். வீட்டுக்குப் போக முடியாமல், காலை இடைவேளையில் பம்ப் நிலையத்து ஓய்வறையில் படுத்திருந்தேன். கை வலித்து விழித்துக்கொண்டேன்.

போர்வைக்குள் என் வலது கை சுற்றிக்கொண்டிருந்தது.

நான் அசைக்கவில்லை.

திருப்பு. விடு. பிடி. திருப்பு. விரல்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் இறுக்கம் தெரிந்தது, ஒவ்வொரு திருப்புக்கும் கூடிக்கொண்டே போனது. பதினொன்று முடிந்ததும் ஒரு சின்ன அழுத்தம். பிறகு விட்டது.

சுவர்க் கடிகாரத்தில் 10.41.

அதற்குப் பிறகு இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாளும் தவறவில்லை. கண்டுபிடித்த முறை இதுதான். காலை 10.40க்கு முன்னால் பதினொரு திருப்பு கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தால் யார் கையும் தானாகச் சுற்றாது. மாதத்தில் ஓரிரு பகல் அது தானே நடக்கும். அப்போது தூக்கத்தை விட்டு எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். "வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் லீவர் தானே மேலே ஏறும். ஓடிய அளவுக்கு மறுபடி சாவி கொடுத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.